தீப்பெட்டி ஆபீஸ்

சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் ‘தீப்பெட்டித் தொழிற்சாலை’ என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ்தான். ஒரு கொட்டகை, அதில் வரிசையாக உட்கார்ந்து குச்சி அடுக்கும் பெண்கள். அதுக்குப் பேரு ஆபீஸ்! எனக்கு இந்தப் பேர் பிடிக்கும். மானத்தையே பார்த்துக்கிடந்த கரிசல்காட்டுச் சனத்துக்கு மழை பெய்யாவிட்டாலும் கூலி கொடுத்த இடம் அது.

தொடக்கக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றார்கள். 1923இல் ஊரில் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். ஜெர்மன் இயந்திரத்தை வரவழைத்துப் பார்த்தவர்கள், பிறகு கைவேலைக்கே திரும்பினார்கள். இங்கே இயந்திரத்தைவிட ஆள் மலிவு.

ஸ்வீடன்காரர்களின் விம்கோவும் இந்தியாவில் தொடங்கியது அதே 1923இல்தான். அந்த யானையோடு இந்தக் கொட்டகைகள் எப்படித் தாக்குப்பிடித்தன? உழைப்பு என்பார்கள். உழைப்பு இல்லைன்னு நான் சொல்லல. ஆனால் வரியையும் பார்க்கணும். 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. போகப்போக, கையால் குறைவாகச் செய்பவருக்கு வரியும் குறைவு என்றானது. சின்னவர்களைக் காப்பாற்றத் தந்த சலுகைதான். வளர்ந்தால் வரி ஏறும் என்று தெரிந்ததும் முதலாளிகள் வளர்வதற்குப் பதில் பிரிந்தார்கள். ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு பேரில் ஆபீஸ். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் மின்விசை இல்லாத இடத்தில் 20 பேராவது இருந்தால்தான் எட்டிப்பார்த்தது.

இப்படிச் சிதறியதால்தான் வேலை கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தது. லேபிள் தேவைப்பட்டதில் அச்சுத்தொழில் வளர்ந்தது, மருந்து கலக்கிய கை பட்டாசுக்கும் போனது. இதையெல்லாம் வளர்ச்சி இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் வேலை வீட்டுத் திண்ணைக்கும் போனதே. பெட்டி ஒட்ட, கட்டையில் குச்சி அடுக்க, எண்ணிக்கைக்குத்தான் கூலி. அந்தக் கூலியில் அடுப்பெரிய இரண்டு கை போதாது. அண்ணன் பள்ளிக்கூடம் போவான், தங்கச்சி விடியுமுன்னே வண்டியேறி ஆபீசுக்குப் போவாள். எத்தனையோ வீடுகளில் அப்போது இதுதான் நடைமுறையாக இருந்தது.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி வேலையைத் தடை செய்தது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: குடும்பத்தார் உதவியோடு ஒருவர் நடத்தும் பட்டறைக்கு அந்தத் தடை பொருந்தாது. பெட்டி ஒட்டும் வேலை பெரும்பாலும் நடந்தது வீட்டில்தான்.