நாடகத்துக்கு 120 கலம் நெல்

தஞ்சாவூர் என்றதும் பச்சை வயல்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கத்திரி வெயிலில் ஒருமுறை வந்து பாருங்கள். சம்பா தையிலேயே அறுத்தாகிவிட்டது. அதற்குப் பின் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டது. வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெண்ணாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே எட்டிப் பார்த்தால் தண்ணீர் இல்லை, மணல்தான். ராஜஸ்தானுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதே இல்லை.

அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் மெலட்டூருக்குப் போய்ச் சேர்ந்தேன். தஞ்சையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். நரசிம்ம ஜெயந்திக்கு அங்கே வரதராஜப் பெருமாள் கோயில் எதிரே பாகவத மேளா நடக்கும். அன்றைக்கு 'பிரகலாத சரித்திரம்'. ராத்திரி ஆரம்பித்தால் விடியும்வரை போகும். முதலில் கூம்புத் தொப்பி போட்ட கோணங்கி ஆடிக்கொண்டு வருகிறான். பிறகு பிள்ளையார் முகமூடியோடு ஒரு சின்னப் பையன். அப்புறம் கட்டியங்காரன். ஒவ்வொரு பாத்திரமும் திரைக்குப் பின்னால் நின்று, தனக்கான தருவைப் பாடகர்கள் பாடிய பிறகுதான் வெளியே வரும். வயலின், மிருதங்கம், நட்டுவாங்கம் என்று முழுக் கச்சேரிக்கான பக்கவாத்தியம். ஜரிகைப் பட்டும் கிரீடமுமாக இரணியன் வந்து நின்றபோது, இத்தனை செலவுள்ள காரியம் ஒரு கிராமத் தெருவில் எப்படி நடக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

பாட்டு முழுக்கத் தெலுங்கு. பாத்திரங்கள் எல்லாம் ஆண்கள். லீலாவதியாக வந்து அழுதவரும் ஆண்தான். விடியற்காலை நரசிம்மர் முகமூடி வெளியே வரும். அந்த முகமூடி கோயிலில் வைத்துப் பூஜை செய்யப்படுவது. அதைப் போடுகிறவர் அன்றைக்கு விரதம் இருப்பார். ஆவேசம் வந்துவிடும் என்று நாலைந்து பேர் அவரைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

நடுராத்திரி ஒரு மணி வாக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். விவசாயி. "ஏன் தாத்தா, இவ்வளவு புழுக்கத்துல, இந்த மாசத்துல வச்சிருக்காங்களே?" என்றேன். சிரித்துவிட்டார். "மேட்டூர் தொறந்துட்டா எவன் தம்பி ராப்பூரா ஒக்காந்து பாப்பான்? நாத்தங்காலுக்கு ஓட வேணாமா? இப்பத்தான் கை சும்மா கெடக்கு."

நரசிம்ம ஜெயந்தி திதிப்படி வருவது, விவசாயியைக் கேட்டு வருவதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. அறுவடை முடிந்து பத்தாயத்தில் நெல் இருக்கிற, அடுத்த தண்ணீர் இன்னும் வராத இடைவெளி இது. கொட்டகை போட வயல் காலி, ஆள் காலி. இன்று ஜூன் 12 என்று மேட்டூருக்குத் தேதி வைத்திருக்கிறோம். அணை கட்டி முடித்ததே 1934-ல்தான். அதற்கு முன்னும் ஆனி, ஆடியில் வெள்ளம் வரும்வரை காவிரி மணலாகத்தான் கிடந்திருக்கும்.

அந்தப் பேச்சுதான் வீடு திரும்பியதும் என்னைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை மறுபடி புரட்ட வைத்தது. ஏனென்றால் அங்கேயும் ஒரு வைகாசி நாடகம் இருக்கிறது.

இரண்டாம் ராஜேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 1057. வைகாசிப் பெருவிழாவில் கோயிலில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடவேண்டும் என்று சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவருக்கு நிவந்தம் விடப்படுகிறது. விஜய ராஜேந்திர ஆசாரியன் என்பது அவர் பட்டப்பெயர். நாளொன்றுக்கு ஒரு தூணி நெல், வருஷத்துக்கு 120 கலம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. தூணி என்றால் 4 குறுணி. கலம் என்றால் 12 குறுணி. 360 நாளுக்கு 360 தூணி. மூன்றால் வகுத்தால் 120.

இது பெரிய சம்பளமா, சின்னச் சம்பளமா? அதே கோயிலில் ஒப்பிட ஆள் இருக்கிறார்கள். ராஜராஜன் காலக் கல்வெட்டில் திருப்பதியம் பாடுகிறவர், உடுக்கை, கொட்டிமத்தளம் எல்லாம் சேர்த்து 50 பேர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 3 குறுணி, வருஷத்துக்கு 90 கலம் ஆகிறது. ஆடுகிற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும். பங்கு என்றால் ஒரு வேலி நிலத்திலிருந்து வரும் 100 கலம் நெல். நட்டுவனாருக்கு 2 பங்கு. ஆக நாடகக்காரரின் 120 கலம் நடுவில் வந்து நிற்கிறது. அவர் தனி ஆளாக நாடகம் போட்டிருக்க முடியாது, குழுவுக்கும் அதிலிருந்துதான் அளந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படியானால் தலைக்கு விழுந்தது குறைவுதான்.

இன்றைய கணக்குக்கு மாற்றிப் பார்ப்போம் என்று ஆசை. எங்கள் பக்கத்து வழக்கில் 2 கலம் ஒரு மூட்டை. அந்தக் கணக்கில் 60 மூட்டை. சோழர் மரக்கால் வேறு, நம் மரக்கால் வேறு, அதனால் இதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நில அளவாகச் சொன்னால் ஒன்றேகால் வேலிக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் 8 ஏக்கரின் வருமானம். ஒரு நாடகம் வருஷா வருஷம் நடக்க, 8 ஏக்கர் நிலம் அதன் பின்னால் உழைத்திருக்கிறது.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. எத்தனை குறுணி என்று தெரியும். எந்த மாதம் என்று தெரியும். ஆடியவரின் பட்டப்பெயர் வரை தெரியும். ஆனால் அந்த நாடகத்தின் ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. ராஜராஜேஸ்வரம் என்பது கோயிலின் பெயர், ராஜராஜன் அரசனின் பெயர். நாடகம் கோயிலைப் பற்றியதா, அரசனைப் பற்றியதா என்றுகூட ஆய்வாளர்கள் ஊகிக்கத்தான் முடிகிறது. கல்லில் வெட்டியது கூலியை மட்டும். பாட்டை யாரும் வெட்டவில்லை.

அந்த 400 பெண்களும் அப்படித்தான். நக்கன் என்று தொடங்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று ஒரு வாக்காளர் பட்டியல் மாதிரி இருக்கிறது. செத்துப்போனால் யார் அந்த இடத்துக்கு வரவேண்டும் என்பதும் இருக்கிறது. அவர்கள் என்ன ஆடினார்கள் என்பது இல்லை.

பெண்கள் பெரிய கோயிலில் ஆடியது சோழரோடு நின்றுவிடவில்லை. சரபோஜி (1798–1832) மேல் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை, கோயில் முற்றத்தில் திறந்த வெளியில் தேவரடியார் பெண்கள் ஆடி வந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அது நின்றுபோனது. 1947-ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்து சட்டம் வந்தது, வரவேண்டிய சட்டம்தான். ஆனால் அந்த வீடுகளில் இருந்த பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் என்ன ஏற்பாடு என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2010 செப்டம்பரில் கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு பத்மா சுப்ரமணியம் தலைமையில் ஆயிரம் பேர் பரதம் ஆடினார்கள். பிரமாண்டம்தான். அந்த வரிசையைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த நானூறு பெயர்கள் ஞாபகம் வந்திருக்கும்?

சரி, மெலட்டூர் எப்படித் தப்பியது? 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுதப்ப நாயக்கர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிராமணக் குடும்பங்களுக்கு இந்த ஊரை வீடும் நிலமுமாகக் கொடுத்தார் என்பது மரபு. அச்சுதபுரம் என்ற பெயர் அதனால் வந்தது. ஆக இங்கேயும் அடிப்படை நிலமும் நெல்லும்தான். தியாகராஜருக்கு மூத்தவரான மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி 18-ஆம் நூற்றாண்டில் நாடகங்களை எழுதினார். வித்தியாசம் என்னவென்றால், இங்கே யாரும் கூலியைக் கல்லில் வெட்டவில்லை. பாட்டை ஏட்டில் எழுதிவைத்தார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியும் நூலிழையில்தான் தப்பியது. சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர் என்று பல ஊர்களில் இருந்த மேளா சில இடங்களில் விட்டுப்போனது. மெலட்டூரிலும் தளர்ந்திருந்ததை 20-ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்களும், இ. கிருஷ்ணய்யர் போன்றவர்களும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள்.

இதை வைத்து மெலட்டூர்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. சொந்த நிலமும் எழுத்தும் கையில் இருந்த வீடுகளின் கலை பிழைத்தது. கோயில் அளக்கிற நெல்லை நம்பியிருந்தவர்களின் கலை, அளப்பது நின்றதும் போய்விட்டது. இது திறமையைப் பற்றிய கணக்கு இல்லை.

விடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்த ஒருவர், மறுநாள் சென்னையில் வேலைக்குப் போகவேண்டும் என்று பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார். நெல் அளக்க யாரும் இல்லை. லீவு போட்டுவிட்டு வந்து ஆடுகிறார்கள். ஒரு தூணி நெல்லுக்குப் பதில் இப்போது சில நாள் லீவு. சாந்திக்கூத்தன் திருமுதுகுன்றனும் ஏதோ ஒரு வைகாசி விடியலில் இதேபோல அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு நெல் நிச்சயம். இவருக்குப் பாட்டு நிச்சயம்.

பஸ் வர ஏழு மணியாயிற்று. வெண்ணாறு அப்போதும் மணலாகத்தான் கிடந்தது.