48 கிலோவில் வென்றால் பாதி சாம்பியனா?

ஜூஜூவாடி பக்கம் ஒரு டீக்கடை. முதல் ஷிப்டு முடிந்து வந்த பையன்கள் நாலைந்து பேர் ஒரே செல்போனில் தலையை நுழைத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "நம்ம மேரி கோம் ஆறு தடவை உலக சாம்பியன், தெரியுமாப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த வெயிட்ல அண்ணா?"

"46, 48 கிலோ."

"அப்படிச் சொல்லுங்க. ஆளாளுக்கு ஒரு பிரிவு வெச்சு, ஆளாளுக்கு ஒரு மெடல். கோட்டா மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் தெருப் பையன். ஐ.டி.ஐ. முடித்து சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். சிரித்த பையன்கள் கெட்டவர்கள் அல்ல, அவனோடு ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் அந்த ஒரு சொல் எங்கே போய்க் குத்தியது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எடைப்பிரிவு எதற்கு வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தில் பந்தயச் சண்டை தொடங்கிய காலத்தில் எடைக் கணக்கு கிடையாது. 90 கிலோ ஆளும் 60 கிலோ ஆளும் மோதலாம். அங்கே ஜெயித்தது பெரும்பாலும் உடம்பின் பருமன். 1867இல் வந்த குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றையும் கொண்டுவந்தன. 1909இல் லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டு எடைப்பிரிவுகளை வரையறுத்தது. பிறவியிலேயே கிடைத்த உடம்பைக் கழித்துவிட்டுத் திறமையை மட்டும் அளக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். எடைப்பிரிவு சலுகை அல்ல, போட்டி என்ற ஒன்று நடப்பதற்கான நிபந்தனை.

ஆனாலும் பணமும் கூட்டமும் பெரிய உடம்பின் பின்னால்தான் போயின. "உலக சாம்பியன்" என்று பிரிவு சொல்லாமல் சொன்னால் அது ஹெவிவெயிட் சாம்பியனைத்தான் குறிக்கும் என்று ஆனது. இந்த அளவுகோலுக்கு முதலில் பலியானவர்களில் ஒருவர் ஜார்ஜ் டிக்சன்.

ஜாக் ஜான்சன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1908 டிசம்பரில் சிட்னியில் டாமி பர்ன்ஸை வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பர். குத்துச்சண்டையின் முதல் கறுப்பின உலக சாம்பியனே அவர்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1890இல், டிக்சன் லண்டனில் நங்க் வாலஸை வென்று பேன்டம்வெயிட் பட்டம் பெற்றுவிட்டார். அடுத்த ஆண்டு ஃபெதர்வெயிட் பட்டமும் அவருடையது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்தின் ஓரத்தில், ஆஃப்ரிக்வில் என்ற கறுப்பர் குடியிருப்பில் 1870இல் பிறந்தவர். உயரம் ஐந்தடி மூன்றரை அங்குலம்.

1892 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் ஒலிம்பிக் கிளப்பில் மூன்று நாள் பந்தயத் திருவிழா நடந்தது. 6ஆம் தேதி டிக்சன், ஜாக் ஸ்கெல்லி என்ற வெள்ளையரை எட்டாவது சுற்றில் சாய்த்தார். அன்று கறுப்பர்களுக்கென்று அரங்கில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு கறுப்பர் வெள்ளையரை அடிப்பதைக் கறுப்பர்கள் உட்கார்ந்து பார்த்ததை அந்த ஊரால் பொறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த கிளப் கறுப்பர் வெள்ளையர் மோதலையே நிறுத்திக்கொண்டது.

மறுநாள் அதே மேடையில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜான் எல். சல்லிவன், ஜேம்ஸ் கார்பெட்டிடம் தோற்றார். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தச் சண்டையைத்தான். இதே சல்லிவன், கறுப்பர்களோடு பட்டத்துக்கு மோத மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்தவர். பீட்டர் ஜாக்சன் என்ற மாபெரும் கறுப்பின வீரருக்கு அவர் கடைசிவரை வாய்ப்புத் தரவில்லை.

உச்சிப் பிரிவில் கதவைச் சாத்திவிட்டார்கள். கீழ்ப்பிரிவில் மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதன் வழியாக ஒருவன் நுழைந்து ஜெயித்தபோது, "அது சின்னப் பிரிவுதானே" என்றார்கள். நமக்கு அனுமதிக்கப்பட்ட இடம் மலிவானது, மலிவானதால்தான் அனுமதிக்கப்பட்டது. இந்தச் சுழற்சி சேரியில் பிறந்த நமக்குப் புதிதா என்ன? டிக்சன் 1908 ஜனவரியில், 37 வயதில், நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். அதே ஆண்டின் கடைசியில்தான் ஜான்சன் வென்றார். ஆஃப்ரிக்வில்லையும் 1960களில் ஹாலிஃபாக்ஸ் நகராட்சி இடித்துத் தள்ளியது. 2010இல்தான் மன்னிப்புக் கேட்டது.

இப்போது மேரி கோமுக்கு வருவோம். அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்திருக்கிறார்கள், மாநிலங்களவைக்கு அனுப்பியிருக்கிறார்கள், சினிமா எடுத்திருக்கிறார்கள் (அதில் அவராக நடிக்க வடகிழக்கிலிருந்து ஒரு பெண்ணும் கிடைக்கவில்லை, பிரியங்கா சோப்ராதான் கிடைத்தார்). இவ்வளவு புகழ் பெற்றவரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? புகழ் வேறு, மதிப்பீடு வேறு. அவரிடம் நாம் எதைக் கொண்டாடினோம் என்று பாருங்கள்.

மணிப்பூரில், கோம் என்ற சிறு பழங்குடியில் பிறந்தவர். பெற்றோர் குத்தகை நிலத்தில் உழைத்தவர்கள். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே மணிப்பூரின் டிங்கோ சிங் 54 கிலோவில் தங்கம் வென்றதைப் பார்த்து குத்துச்சண்டைக்கு வந்தார். 2001இல் பெண்களுக்கான முதல் உலகப் போட்டியில் வெள்ளி. பிறகு 2002, 2005, 2006, 2008, 2010 என்று ஐந்து தங்கம். நடுவில் 2007இல் இரட்டைப் பிள்ளைகள் பெற்றார். இதில் ஒரு தங்கம் வென்ற அன்றாவது நம் தெருவில் பட்டாசு வெடித்ததா? அவர் பெயர் வீடு வீடாகப் போனது 2012 லண்டன் ஒலிம்பிக் வெண்கலத்துக்குப் பிறகுதான். அவருடைய சாதனைப் பட்டியலில் நிறத்தில் குறைந்த பதக்கத்தைத்தான் நாடு தூக்கிக் கொண்டாடியது.

அந்த வெண்கலத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இன்னும் முக்கியம். லண்டனில்தான் ஒலிம்பிக் முதன்முதலாகப் பெண்களைக் குத்துச்சண்டை வளையத்துக்குள் விட்டது. ஆண்களுக்குப் பத்துப் பிரிவு, பெண்களுக்கு மூன்றே மூன்று: 51, 60, 75 கிலோ. அவர் உலகை ஆண்ட 46உம் 48உம் அங்கே இல்லவே இல்லை. உடம்பைக் கூட்டிக்கொண்டு, தன்னைவிட உயரமானவர்களோடு 51 கிலோவில் மோத வேண்டியிருந்தது. அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 என்று தோற்றார். ஆடம்ஸ்தான் அந்த ஒலிம்பிக்கின் தங்கம். 50 கிலோ பிரிவு ஒலிம்பிக்குக்கு வந்தது 2024 பாரிஸில். அதற்குள் மேரி கோமின் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

2018 நவம்பரில், மூன்று மகன்களைப் பெற்ற பிறகு, டெல்லியில் 48 கிலோவில் ஆறாவது தங்கம் வென்றார். அதற்கு முன் உலகப் போட்டியில் ஆறு தங்கம் வென்றிருந்தவர் கியூபாவின் ஃபெலிக்ஸ் சவோன். அவர் 91 கிலோ ஹெவிவெயிட். சவோனை குத்துச்சண்டை உலகம் மலையாகப் பார்க்கிறது. அதே எண்ணிக்கையை எட்டிய மேரி கோமைப் பற்றி நம் டீக்கடையில் "எந்த வெயிட்ல?" என்று கேட்கிறோம்.

மறுப்பையும் நேர்மையாக வைக்க வேண்டும். பெண்கள் குத்துச்சண்டை அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது, ஆரம்ப ஆண்டுகளில் போட்டிக்கு வந்தவர்கள் குறைவு என்பார்கள். உண்மைதான். 2002 தங்கமும் 2018 தங்கமும் ஒரே கனம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் போட்டி வளர வளர அவரும் வென்றுகொண்டே இருந்தாரே. கூட்டம் குறைவாக இருந்த காலத்தில் மட்டும் ஜெயித்துவிட்டுப் போனவர் அல்ல அவர்.

இது பெண்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 2018 ஆசிய விளையாட்டில் அமித் பங்கல், 49 கிலோ இறுதியில் ரியோ ஒலிம்பிக் சாம்பியன் தஸ்மதோவை வீழ்த்தினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடம் கூட்டுவதற்காக ஆண்கள் பிரிவுகளைப் பத்திலிருந்து எட்டாகக் குறைத்தார்கள். குறைத்தது சரிதான், வரவேற்கிறேன். ஆனால் வெட்டு எங்கே விழுந்தது? அடியில் இருந்த 49 காணாமல் போனது. உச்சியில் 91, அதற்கும் மேல் என்ற இரண்டு பிரிவுகளும் பத்திரமாக இருந்தன. பங்கல் 52 கிலோவுக்கு ஏறினார். டோக்கியோவில் அவரைத் தோற்கடித்த கொலம்பியாவின் யுபெர்ஹென் மார்ட்டினஸ் யார் தெரியுமா? ரியோவில் 49 கிலோ வெள்ளி வென்றவர். வீடு இடிக்கப்பட்ட இருவர் அடுத்தவன் வீட்டு வாசலில் மோதிக்கொண்டார்கள்.

நம் தமிழ்நாட்டுக் கதையும் உண்டு. 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற வி.தேவராஜன் ஒரு பேன்டம்வெயிட் வீரர், அர்ஜுனா விருது பெற்றவர். 'சார்பட்டா பரம்பரை' படத்தின் வசனம் முழுக்கத் தெரிந்த பையன்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரிகிறது என்று.

இப்போது "கோட்டா"வுக்கு வருகிறேன். அந்தத் தம்பி கிண்டலாகச் சொன்னாலும் ஒரு வகையில் சரியாகத்தான் சொன்னான். இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்கள்: சமம் இல்லாதவர்களை ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு அதைப் போட்டி என்று சொல்லலாமா?

ஆனால் ஒப்புமை ஒரு எல்லைக்கு மேல் போகாது. 48 கிலோ என்பது உடம்பு. சாதி உடம்பு அல்ல. நாம் எடை குறைந்தவர்கள் அல்ல, முதுகில் மூட்டையைக் கட்டி வளையத்துக்குள் இறக்கப்பட்டவர்கள். மூட்டையைக் கட்டியவர்களே "இவனுக்கு ஏன் தனிப் பட்டியல்?" என்று கேட்பதுதான் வேடிக்கை. அண்ணல் அம்பேத்கர் இதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். படிக்கட்டில் நிற்கும் ஒவ்வொருவனும் தனக்குக் கீழே இருப்பவனைப் பார்த்து ஆறுதல் அடையும் ஏற்பாடு.

இன்னொன்றும் கவனியுங்கள். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் எஸ்.சி.க்கு 18, எஸ்.டி.க்கு 1. மீதமிருக்கும் 31 விழுக்காடு பொதுப்போட்டி. அது யாருடைய ஒதுக்கீடும் அல்ல, நம் பிள்ளைகளும் மதிப்பெண் இருந்தால் அதில்தான் வருகிறார்கள். அப்படி வந்தவளையும் "கோட்டா" என்றே கூப்பிடுகிறார்கள். மேரி கோம் 51 கிலோவுக்கு ஏறிப் போய் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பிறகும் "48 கிலோ ஆள்தானே" என்கிறோமே, அதே கண்தான் இது. 18 விழுக்காட்டுக்குள் நடக்கும் போட்டியும் லேசானது அல்ல. அந்தப் பட்டியலில் ஒரு இடத்துக்காக எத்தனை பேர் மோதுகிறார்கள் என்று கலந்தாய்வு வரிசையில் நின்றவனைக் கேளுங்கள்.

மறுநாள் எங்கள் தெருப் பையனைப் பார்த்தேன். நேற்று நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. "அண்ணா, அந்த டெல்லி ஃபைனல் யூடியூப்ல இருக்குமா?" என்று மட்டும் கேட்டான். தேடி அனுப்பினேன். டீக்கடைத் தம்பிகளும் பாருங்கள். எடையை மறந்துவிட்டுக் கால்களைப் பாருங்கள். எதிரி கை நீட்டும்போது அவள் எங்கே இருக்கிறாள், நீட்டி முடிக்கும்போது எங்கே இருக்கிறாள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், பாதி சாம்பியனா என்று.

ஜெய் பீம்.