திருவருளும் வருமுன் காத்தலும்

வியாசர்பாடி என்னும் பெயரைக் கேட்டவுடன் வேதங்களை வகுத்தளித்த வியாச முனிவரின் நினைவு அன்பர் உள்ளத்தில் எழும். அம்முனிவர் தங்கி வழிபட்டமையால் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பது தலமரபு. கதிரவன் பூசித்த பெருமானாதலின் இங்குள்ள ஈசன் இரவீசுவரர் எனப் போற்றப்படுகிறார். அம்மையின் திருநாமம் மரகதாம்பாள். வடகிழக்கே கடற்கரையில் வடிவுடையம்மை வீற்றிருக்கும் திருவொற்றியூர் விளங்குகிறது.

இத்தகைய புண்ணிய பூமியே பின்னாளில் தொழில் பூமியாகவும் ஆயிற்று. துறைமுகமும் இரயில் பாதைகளும் பஞ்சாலைகளும் முதலில் வந்தன. 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. உர ஆலைகளும் இரசாயன ஆலைகளும் தொடர்ந்தன. இவை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும், அடுப்பை மூட்டியவர் நெருப்பைக் காக்கவும் கடமைப்பட்டவர் அல்லரோ?

இப்பகுதி அப்பாடத்தை முதன்முதலில் கற்ற இரவு 1914 செப்டம்பர் 22. செருமானியப் போர்க்கப்பலாகிய எம்டன் இருளில் சென்னைக் கரையை நெருங்கிச் சுமார் 130 குண்டுகளை வீசியது. துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. போர் மூண்டு ஏழு வாரங்கள் கடந்திருந்தும் நகரின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. அவ்வொளியே பகைவனுக்கு வழிகாட்டிற்று. அஞ்சிய மக்கள் பலர் ஊரை விட்டே அகன்றனர். ‘எம்டன்’ என்னும் சொல் தமிழர் பேச்சில் நிலைத்துவிட்டது. அன்றைய பாடம் அவ்வாறு நிலைத்ததா என்பது ஐயமே.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலிருந்தே உயிர் துறந்தனர். ஆலையில் இருப்பது எத்தகைய பொருள், கசிந்தால் எத்திசையில் ஓடுவது என்பவை அண்டை வீட்டாருக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னரே 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989-ல் அபாயகரமான இரசாயனப் பொருள்கள் பற்றிய விதிகளும் எழுந்தன. ஆலைக்குள்ளே மட்டுமன்றி, ஆலைக்கு வெளியே வாழும் மக்களுக்கும் ஆபத்துக் காலத் திட்டம் இருத்தல் வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம்.

2020 ஆகஸ்டு 4-ல் பெய்ரூத் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து நகரையே குலுக்கியது. அப்பொழுதுதான், 2015-ல் சுங்கத்துறை கைப்பற்றிய அதே பொருள் ஏறத்தாழ 700 டன் மணலியில் 37 சரக்குப் பெட்டகங்களில் கிடப்பது ஊரறிய வந்தது. அம்மாதமே அது ஐதராபாத்துக்கு அகற்றப்படலாயிற்று. ஐந்தாண்டு அசையாதது, அயல்நாட்டின் அழிவைக் கண்டபின் சில நாட்களில் அசைந்தது!

2023 டிசம்பர் 26 இரவு, மறுநாள் ஆருத்ரா தரிசனம். அன்று நள்ளிரவை ஒட்டி எண்ணூரில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொணரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைச் சுமந்து வீதிக்கு ஓடி வந்தனர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

“ஆண்டவன் இருக்கின்றான், அவன் காப்பான்” என்று கூறும் அன்பர் உளர். அது மெய்யே. நாவுக்கரசரை நீற்றறையில் இட்டபோது அது அவருக்குக் குளிர்ந்தது என்பது வரலாறு. ஆனால் அவர் தாமாகச் சென்று அதனுள் புகவில்லை, பிறர் இட்டனர். அப்பெருமானே கோயில் முற்றத்தில் புல் முளைத்தபோது இறைவனே களைவான் என்று வாளாவிருந்தாரும் அல்லர். தம் கையால் உழவாரப்படை ஏந்திச் செதுக்கினார். தம்மால் ஆகாதவிடத்துத் திருவருளையும், தம்மால் ஆகுமிடத்து உழவாரத்தையும் பற்றி நின்றதே அவர் காட்டிய நெறி. இறைவனின் தோழராகிய சுந்தரரும் ஒற்றியூரில் கொடுத்த வாக்கை மீறி எல்லை கடந்தபோது கண்ணொளி இழந்தார். பக்தி, கடமையிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை.

கும்பாபிஷேகமே வருமுன் காக்கும் ஏற்பாடுதான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விரிசலை அடைத்து, அஷ்டபந்தன மருந்தைப் புதுப்பித்து, கலசங்களில் புதுத் தானியம் இடுகின்றனர். மூர்த்தியின் பீடத்துக்கே பழுது பார்த்தல் வேண்டுமெனின், மனிதன் அமைத்த குழாய்க்கும் கொதிகலனுக்கும் வேண்டாவோ? 1997 ஜூன் 7-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் கும்பாபிஷேக வேளையில் யாகசாலைப் பந்தல் தீப்பற்றி, 40-க்கும் மேற்பட்ட அடியார்கள் உயிர் நீத்தனர். அவர்தம் பக்தியில் குறையேதும் இல்லை. பந்தலின் காப்பில்தான் குறை இருந்தது.

ஆதலின் கோபுரத்துக்குப் பொன் அளிக்கும் கொடையாளர் சிறிது பொருளை இதற்கும் ஒதுக்குதல் தகும். தீயணைப்புக் கருவிகள், மணல் வாளிகள், அடைபடாத இரண்டாம் வாயில், தெருதோறும் உள்ள முதியோர், நோயாளரின் பட்டியல் ஆகியவை பெருஞ்செலவு அல்ல. ஆலய மணி ஆபத்தையும் அறிவிக்கலாம். பூசை மணியோசையினின்று வேறுபட்ட முறை ஒன்றை முன்பே வகுத்தல் வேண்டும். கொடியும் தூபப் புகையும் காற்றின் திசையைக் காட்டும். வாயு கசிந்தால் காற்றோடு ஓடாமல் அதன் குறுக்கே விலகிச் செல்வதும், அம்மோனியா நீரில் கரைவதாதலின் நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடுவதும், வெளியேற இயலாதவர் கதவு சன்னல்களை அடைத்துக்கொள்வதும் சிறுவரும் அறிந்திருக்க வேண்டியவை. ஆலையில் எப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டறிதல் மக்களின் உரிமை. அதனைக் கூறுதல் ஆலையாரின் கடன்.

கதிரவன் தொழுத இரவீசுவரப் பெருமான் அறிவென்னும் ஒளியை அனைவர்க்கும் அருள்வாராக! அவ்வொளி கொண்டு தத்தம் இல்லத்தையும் அயலார் இல்லத்தையும் காப்பதும் அவருக்கு ஆற்றும் திருத்தொண்டேயாகும்.