சமையலறை அலமாரி யாருடைய உயரத்துக்கு?

சமையலறைக்கு அலமாரி செய்யக் கொடுப்பவர்கள் முதலில் பேசுவது கதவைப் பற்றித்தான். என்ன டிசைன், என்ன கலர், கண்ணாடி வைக்கலாமா... அளவை யாரும் அதிகம் பேசுவதில்லை. மேடையோடு சேர்த்து 36 அங்குல உயரம், 24 அங்குல ஆழம் என்று கம்பெனிக்காரர் சொன்னால் தலையாட்டி விடுகிறோம். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

ஆரம்பம் அமெரிக்காவில். தொழிற்சாலைத் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்தவர் ஃபிரடெரிக் டெய்லர் (காமர்ஸ் நண்பர்களுக்கு இவரைத் தெரியும்). அதே முறையைச் சமையலறைக்குக் கொண்டு வந்தார் கிறிஸ்டின் ஃபிரடெரிக் என்ற பெண்மணி. 1913-இல் வந்த அவருடைய புத்தகம் ஜெர்மன் மொழிக்கும் போனது. வேலை செய்பவரின் உயரத்துக்கு ஏற்பத்தான் மேடை இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்து ஜெர்மனியின் பிராங்க்பர்ட், 1926. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே கடுமையான வீட்டுப் பஞ்சம். கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் மே தலைமையில் நகராட்சி ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டியது. அவற்றுக்குச் சமையலறை வடிவமைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்!

ரயில் உணவுப் பெட்டியின் சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி. மொத்த இடமே சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். இவ்வளவு குறுகலான இடத்தில் வெளியே திறக்கும் கதவு தலையில் இடிக்கும். அதனால் மேல் அலமாரிக்குப் பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடிக் கதவு. அரிசி, பருப்பு, சர்க்கரைக்கு மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள். உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். மாவுக்கு மட்டும் புழு அண்டாத ஓக் மரப் பெட்டி. அலமாரியின் அடிப்பீடம் கால் விரல் இடிக்காதபடி உள்வாங்கியிருக்கும். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு காரணம் இருந்தது.

ஒரே அளவில் செய்ததால் செலவு குறைந்தது. சுமார் 10,000 வீடுகளுக்குப் போனது. சாதாரணக் குடும்பத்துக்கும் திட்டமிட்ட சமையலறை கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் குறைகளும் வந்தன. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்ய முடியாது. அலுமினிய இழுப்பறைகள் குழந்தைகளின் கைக்கு எட்டின. எல்லாம் பொருத்தப்பட்டு விட்டதால் மாற்றவும் வழியில்லை.

பிறகு, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் அடுப்பு, தொட்டி, மேடை எல்லாம் ஒரே மட்டத்தில் வரிசையாக இருப்பது வழக்கமாயிற்று. அந்த மட்டம் 36 அங்குலத்தில் நின்று விட்டது. ஆளைப் பார்த்து உயரம் வை என்று ஃபிரடெரிக் சொன்னது காணாமல் போனது. உற்பத்தியாளருக்கு இதுதான் லாபம். ஒரே அளவு என்றால் சரக்கும் தேங்காது, விலையும் குறையும். நஷ்டம் மட்டும் குட்டையானவரின் தோளுக்கும் நெட்டையானவரின் முதுகுக்கும்.

கணக்கைப் பாருங்கள். மேடை முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் கை வலிக்காது. 5 அடி உயரமுள்ள ஒருவரின் முழங்கை ஏறக்குறைய 38 அங்குலத்தில் இருக்கும். ஆக அவருக்கு வேண்டியது 32 முதல் 34 அங்குலம். 36 என்றால் தினமும் தோளைத் தூக்கித்தான் காய் நறுக்க வேண்டும்.

கதவும் இப்படித்தான். இன்று பிரபலமான 'ஷேக்கர்' கதவு, அமெரிக்காவில் எளிமையாக வாழ்ந்த ஷேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவின் பெயரைக் கொண்டது. நான்கு சட்டம், நடுவே ஒரு பலகை. ஈரத்தில் மரம் உப்பினாலும் சட்டத்தின் காடிக்குள் பலகை நகர இடம் இருக்கும், கதவு பிளக்காது. அழகு பிறகு வந்ததுதான். ஆனால் சட்டத்தின் உள்மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும். நிறையத் தாளிக்கும் வீட்டுக்கு வழவழப்பான தட்டைக் கதவே துடைக்க வசதி.

ரெடிமேட் வாங்கினால் சராசரி மனிதருக்கான அளவுதான் கிடைக்கும். விலை குறைவு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூடுதல் காசு கொடுத்து அளவெடுத்துச் செய்யும்போதும் அதே 36-ஐ வாங்கினால் எதற்குக் கொடுத்தோம்? ஆசாரி வந்தால் சுவரை மட்டும் அளந்து விட்டுப் போக விடாதீர்கள். அங்கே தினமும் நிற்கப் போகிறவரின் முழங்கையையும் அளக்கச் சொல்லுங்கள். கதவு டிசைன் அப்புறம் பேசிக் கொள்ளலாம்.

உங்கள் வீட்டு மேடை எத்தனை அங்குலம்? அளந்து பார்த்துச் சொல்லுங்களேன்.