மொழிபெயர்ப்பாளர் என்று ஒதுக்கப்பட்ட முன்னோடி

பிரெஞ்சுத் தத்துவஞானி அகஸ்த் கோம்த்தைச் சமூக சாஸ்திரத்தின் பிதா என்று கொண்டாடும் நூல்கள், ஹாரியட் மார்ட்டினோ என்னும் ஆங்கில மாதரசியைப் பற்றிப் பேச நேர்ந்தால், கோம்த்தின் ஆறு பெருந்தொகுதிகளை 1853இல் இரண்டாகச் சுருக்கி ஆங்கிலத்தில் தந்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்தச் சுருக்கத்தைக் கோம்த்தே தம் மூலத்துக்குப் பதிலாகச் சிபாரிசு செய்தார் என்பது மெய்தான். ஆனால் அந்தப் பாராட்டே அம்மையாரின் சொந்தச் சாதனையை மறைக்கும் திரையாகிவிட்டது.

1802இல் நார்விச் நகரத்து ஜவுளி உற்பத்தியாளர் ஒருவரின் மகளாகப் பிறந்து, இளமையிலேயே செவிப்புலனை இழந்து, தந்தையின் மரணத்துக்குப்பின் குடும்பத் தொழிலும் 1829இல் முறிந்துபோகவே, பகலில் தையல் வேலையும் இரவில் எழுத்துமாக ஜீவனம் நடத்திய அவர், பொருளாதாரத் தத்துவங்களைக் கதைகளாக்கி வெளியிட்ட வரிசையால் பெரும் புகழ் பெற்று, 1834இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். காது கேளாத ஒருவர் அந்நிய தேசத்தை எங்ஙனம் ஆராய்வது என்று ஏளனம் செய்வோர் இருக்கக்கூடும் என்பதை அறிந்திருந்த அவர், காதில் பொருத்திய குழலில் பேச ஒவ்வொருவரும் அருகில் வந்து அமர வேண்டியிருந்தமையால், சபை நடுவே கிட்டாத அந்தரங்கப் பேச்சுகளே தமக்குக் கிட்டின என்றார். எத்தனை சாமர்த்தியமான பதில்!

1837இல் வெளிவந்த அமெரிக்கச் சமூகம் பற்றிய நூலில், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று 1776இல் பிரகடனம் செய்த அத்தேசத்தை, இங்கிலாந்தின் சம்பிரதாயங்களைக் கொண்டு அளக்காமல், அதன் சொந்தப் பிரகடனத்தைக் கொண்டே அவர் அளந்தார். அந்த அளவுகோலின் முன் அடிமை முறையும், வாக்குரிமையற்ற பெண்களின் நிலையும் வெட்கக்கேடாகத் தெரிந்தன. பாஸ்டன் நகரில் அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் அவர் வெளிப்படையாகப் பேசியதனால் மிரட்டல்களுக்கும் ஆளானார்.

மறு ஆண்டே, சமூகத்தைக் கூர்ந்து நோக்கும் முறையை விளக்கித் தனி நூலொன்று எழுதினார். மக்களின் வாய்மொழியை மட்டும் நம்பாமல், அவர்களுடைய கல்லறை வாசகங்களையும் சிறைச்சாலைகளையும் நாட்டுப் பாடல்களையும் பார், அபிப்பிராயங்களை அவற்றோடு ஒப்பிட்டுப் பின்னரே முடிவு சொல் என்பது அதன் சாரம். இதே துறையில் ஆய்வு விதிகளை வகுத்ததற்காகப் போற்றப்படும் துர்க்கைமின் நூல் வெளிவந்தது 1895இல்தான்.

நோயுற்று மரணம் நெருங்கிவிட்டதென்று எண்ணித் தம் இரங்கற் குறிப்பைத் தாமே 1855இல் எழுதி வைத்த அம்மையார், அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து 1876இல் மறைந்தார். பிறர் கண்டதைப் பரப்பத் தெரியுமே தவிரப் புதிதாக எதையும் காணும் ஆற்றல் தமக்கில்லை என்று அக்குறிப்பில் அவர் தம்மைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருந்தார், அத்தீர்ப்பு தவறானது.