ஒப்புக்கொடுத்த நாற்பது நாட்கள்

கத்தோலிக்கத் தமிழரின் சமய வழக்கிலே ‘ஒப்புக்கொடுத்தல்’ என்றொரு சொல் உண்டு. ஒருவர் தம் உடல், உயிர், உழைப்பு, துன்பம் யாவற்றையும் இறைவனிடம் கையளித்து விடுவதை அது குறிக்கும். புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையில் தபசு காலம் அனுசரிக்கப்பட்டு வந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்கு அங்கேதான் விளங்குகிறது.

விபூதிப் புதனில் தொடங்கிப் பாஸ்குவில் முடிவது தபசு காலம். ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக நாற்பது நாட்கள். முழுச் சாப்பாடு ஒருவேளை மட்டும் உண்பது ஒருசந்தி. மாமிசத்தை விலக்குவது சுத்தபோசனம். விபூதி, தபசு, ஒருசந்தி ஆகிய இச்சொற்களைக் கேட்கும் சைவருக்கு அவை தம் வீட்டுச் சொற்களாகவே தோன்றும். இதே கரையில், உடப்பில் திரௌபதை அம்மனுக்கு விரதமிருந்து தீமிதிக்கிறார்கள். புத்தளத்து முஸ்லிம் மக்கள் ரமழானில் நோன்பு நோற்கிறார்கள். பசித்திருந்து இறைவனை நாடுவது இந்தக் கரைக்குப் பொதுவான பழக்கம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுத்தபோசனத்தில் இறைச்சிக்குத்தான் விலக்கு, மீனுக்கு இல்லை. கரைவலை இழுப்பவனுக்கோ மீன் அன்றாட உணவு. அதுவே அவனுடைய கூலியும். அவனுக்கு உண்மையான ஒறுத்தல் கடலுக்குப் போகாமல் இருப்பதுதான். பெரிய வெள்ளியன்று வள்ளங்கள் கரையில் கிடந்தால் அன்றைய வருமானமும் இல்லை. ஒருவன் மட்டும் தொழிலுக்குப் போகாதிருந்தால் அதை அவனுடைய பக்தி என்று சொல்லிவிடலாம். ஒரு துறையே போகாதிருந்தால், ஊரே தன்னை ஒப்புக்கொடுக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்த ஊர்க்கட்டு எப்படி உருவாயிற்று? ஒல்லாந்தர் காலத்துக்குப் போகவேண்டும். 1658ஆம் ஆண்டிலேயே, கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று அவர்கள் ஆணை பிறப்பித்தனர். முன்பு இயேசு சபைக் குருமார் பணியாற்றிய கற்பிட்டியில் ஒல்லாந்தரின் கோட்டை எழுந்தது. கோவில் இருந்தும் குரு இல்லை. குரு வந்தாலும் வெளியே சொல்ல முடியாது. அப்படியொரு நிலை.

இந்த நிலையில்தான் 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகள் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் மறைவாகப் பணியாற்றிய பின், கண்டி மன்னரின் ஆளுகைக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கு வந்து, 1692இல் அங்கிருந்து கண்டிக்குச் சென்றார். பத்தாண்டுகளுக்கு முன், 1677இல், கோவாவின் சங்குவாலே என்ற ஊரில் அவர் ஒரு பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். தம்மைத் தேவமாதாவுக்கு நிரந்தர அடிமையாக எழுதிக்கொடுத்த பத்திரம் அது. தமிழ் படித்தவர்களுக்குச் சுந்தரரின் ஆளோலை நினைவுக்கு வரும். அங்கே இறைவன் ஓலையைக் கொண்டுவந்து அடியவரை ஆட்கொண்டார். இங்கே அடியவர் தாமாகவே ஓலை எழுதிக் கொடுத்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஸ் அடிகளோடு உழைத்த குருமார் சிலரே. ஒரு ஊருக்குக் குரு ஒருமுறை வந்துபோனால் மறுமுறை எப்போது வருவார் என்பது தெரியாது. ஆகவே ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் என்ற பொதுநிலைப் பொறுப்பாளர்கள் செபங்களை நடத்தினார்கள். அவர்களுடைய கையில் கொடுப்பதற்கு ஒரு நூல் வேண்டியிருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் 1705இல் இங்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். அவரும் கோவாக்காரர். தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் நூல்கள் இயற்றினார். இயேசுவின் பாடுகளைத் தமிழில் ‘வியாகுலப் பிரசங்கம்’ என்று எழுதினார். ஒன்பது பிரசங்கங்கள் என்று பொருள்படும் ‘தேசன நவய’ என்பதைச் சிங்களத்தில் எழுதினார். இவர் 1742இல் காலமானதும், அடக்கம் செய்யப்பட்டதும் இதே மாவட்டத்துப் போலவத்தையில்தான்.

ஒருவர் உரக்கப் படிக்க, ஊர் கூடியிருந்து கேட்கும். இடையிடையே ஒப்பாரி எழும். இழவு வீட்டில் தாய்மார் அழும் அதே முறையில் தேவமாதாவின் துயரம் பாடப்படும். 1960களில் மாற்றம் வரும்வரை பூசை லத்தீன் மொழியிலேயே நடந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பூசையின் சொற்கள் விளங்காத ஒரு கிழவிக்கு வியாகுலம் விளங்கியது. வெறும் வயிற்றோடு இருந்து, தன் பிள்ளையைக் கடலில் இழந்த துயரத்தையும் அந்த ஒப்பாரியோடு சேர்த்து அழுதிருப்பாள். அவள் தன்னை ஒப்புக்கொடுத்தது அவளுடைய சொந்த மொழியில்தான் என்று நான் எண்ணுகிறேன்.

காலம் மாறிற்று. 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கருக்கு உரிமைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1966இல் ஆறாம் பவுல் பாப்பரசர் உபவாச விதிகளைத் தளர்த்தியபோது, கட்டாய ஒருசந்தி விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்னும் இரண்டு நாட்களாகச் சுருங்கியது. மற்ற நாட்களின் ஒருசந்தி அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டது. இதில் நியாயம் உண்டு. கட்டளைக்குப் பயந்து பசித்திருப்பது காணிக்கையாகாது. ஆனாலும், அயல்வீட்டில் அடுப்பு எரியாததைப் பார்த்து நாமும் பசியைத் தாங்கிய அந்தத் துணை குறைந்துபோனதை மறுக்க முடியாது.

இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சிலாபத்தை அண்டிய பல கத்தோலிக்க ஊர்களில் பாடசாலை மொழி சிங்களமாயிற்று. செபமும் அதன் பின்னே சென்றது. பாட்டி தமிழில் அழுத வியாகுலத்தைப் பேரன் சிங்களத்தில் பசாமாகப் பாடுகிறான். எனக்கு இதில் வருத்தமும் உண்டு, ஓர் ஆறுதலும் உண்டு. இருவருக்கும் எழுதிக் கொடுத்தவர் ஒருவரே. இரண்டுமே தாய்மொழியல்லாத ஒரு மனிதர், இரு மொழியாரையும் ஒரே துயரத்தின் முன்னே முழந்தாளிட வைத்திருக்கிறார்.

ஆனால் ஆறுதலோடு நாம் இருந்துவிடக் கூடாது. நூல் அச்சில் இருக்கும். இராகம் அச்சில் ஏறாது. அதை அறிந்த அண்ணாவியார்மாரும் பாட்டிமாரும் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும். குருவும் கோவிலும் இல்லாத நாளிலே ஒரு சமூகத்தைக் கட்டிக் காத்தது அந்தக் குரல். வருகின்ற தபசு காலத்தில் எங்காவது ஒரு கரையோரக் கோவிலில் அது கேட்டால், சற்று நின்று கேளுங்கள். நோன்பிருக்கும் ஓர் ஊர் தன்னை இறைவனிடம் ஒப்புக்கொடுக்கும் ஓசை அது.