சேம அச்சும் ஸ்டெப்னியும்



புதுக் கார் வாங்கப்போகும் பிள்ளைகள் சிலர் அண்மையில் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "சார், இந்த வண்டியில ஸ்டெப்னி கிடையாதாம். வாங்கலாமா?" காரைப் பற்றிக் கேட்டாலும் வரலாற்று வாத்தியாரிடமிருந்து வரலாறுதான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். பதில் கொஞ்சம் நீளம். மணி அடிக்கும்வரை வகுப்பில் உட்கார்ந்திருந்த மாதிரி பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஒரு மாற்று உறுப்பை முன்கூட்டியே கட்டிக்கொண்டு போகும் வழக்கத்தைப் பற்றித் தமிழில் எனக்குத் தெரிந்த மிகப் பழைய குறிப்பு எந்த ஊர்க்காரரைப் பற்றியது தெரியுமா? நம் தகடூர்க்காரரைப் பற்றியதுதான். புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. பாடியவர் ஒளவையார். பாடப்பட்டவர் அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி.

அதியமான் என்றதும் நெல்லிக்கனிக் கதை நினைவுக்கு வரும். கதையில் மட்டும் வாழ்ந்தவர் இல்லை அவர். அசோகரின் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரர் என்று ஒரு மரபினர் பேர் வருகிறது. அவர்கள் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கண்டெடுத்த தமிழி எழுத்துக் கல்வெட்டு அந்த விவாதத்துக்கு விடை சொன்னது. சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி குகைப் படுக்கையைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஆகவே நம் மண்ணை ஆண்ட ஒரு மெய்யான தலைவனின் மகனைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ஒளவையார் காட்டும் காட்சி இது. உமணர், அதாவது உப்பு வணிகர், வண்டி கட்டிப் புறப்படுகிறார்கள். எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். வழியில் பள்ளமும் வரும், மேடும் வரும். எந்த இடத்தில் என்ன ஆகும் என்று யார் கண்டது? இதை எண்ணிப் பார்த்து, ஓடும் அச்சு ஒடிந்தால் மாற்றுவதற்கென்று இன்னோர் அச்சை வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைக்கிறார்கள். அதற்குப் பேர் சேம அச்சு. 'பொகுட்டெழினியே, நீ அந்தச் சேம அச்சைப் போன்றவன். உன் நிழலில் வாழ்பவர்களுக்கு இருள் ஏது' என்கிறார் கிழவி.

ஒடிந்தது ஏன் அச்சு? சக்கரம் உடையாதா? உடையும். ஆனால் மரத்தால் ஆன வண்டியில் முழுப் பாரமும் வந்து இறங்கும் இடம் அச்சுதான். மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்வதும் அதனால்தான். எந்த உறுப்பு முதலில் கைவிடுமோ, அதற்குத்தான் மாற்று எடுத்துப் போவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வண்டிக் கதைக்கும் இதுதான் சாவி.

இந்த மர வண்டிக் காலம் ஏதோ எட்டாத பழங்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23-ஆம் தேதி கண்மூடிய சுப்பிரமணிய சிவா, சிறையில் வந்த தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற விடாமல் ஆங்கில அரசு தடுத்ததால், மாட்டு வண்டியிலும் கால்நடையாகவுமே ஊர் ஊராகப் போனார். மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்குவதை உங்கள் தாத்தாக்கள் பார்த்திருப்பார்கள். அந்தச் சக்கரத்தில் குலுங்கிக் குலுங்கி இடுப்பு வலிக்கும். ஆனால் ஆணி ஏறிக் காற்று இறங்கிவிட்டது என்ற பேச்சே கிடையாது.

காற்றுச் சக்கரம் வந்த பிறகுதான் பஞ்சர் வந்தது. 1845-இல் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்று அடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று இரப்பர்க் குழாயில் காற்றடித்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-இல் அவரும் காப்புரிமை பெற்றார். தாம்சன் முந்திக்கொண்டது தெரியவந்ததும் அந்த உரிமை செல்லாமல் போனது. ஆனாலும் உலகம் டன்லப் பேரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

1895-இல் பாரிசிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் கார்ப் பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் காற்று டயர் போட்ட காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். முதலில் வந்து சேர்ந்த எமில் லெவாசோரின் கார் ஓடியதோ கெட்டி இரப்பர் சக்கரத்தில். ஆனாலும் குலுக்கல் இல்லாத ஓட்டம் எப்படி இருக்கும் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது. சில ஆண்டுகளில் கார்களெல்லாம் காற்று டயருக்கு மாறின. அந்தக் கணத்திலிருந்து வண்டியின் பலவீனமான உறுப்பு அச்சு இல்லை, டயர்.

அந்தக் காலத்துக் கார்க்காரர் பட்ட பாட்டைக் கேளுங்கள். சாலையெங்கும் குதிரை லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள். சக்கரத்தை இன்று போல நட்டைக் கழற்றி எடுத்துவிட முடியாது. அது வண்டியோடு நிலையாகப் பொருத்தியது. நடுரோட்டில் உட்கார்ந்து, இரும்புக் கம்பியால் டயரை நெம்பிக் கழற்றி, ட்யூபை வெளியே இழுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடி உள்ளே திணித்து, கைப் பம்பால் காற்றடிக்க வேண்டும். மழையிலும் இருட்டிலும் இதே கதிதான்.

இதற்கு ஒரு வழி கண்டவர்கள் வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள். ஆண்டு 1904. ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடித்துத் தயாராக இருக்கும் டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். இந்த வளையத்தை அதன் பக்கத்தில் வைத்துக் கொக்கிகளால் இறுக்கிவிட்டால் போதும், வண்டி நகரும். வீடு போய்ச் சேர்ந்து நிதானமாகப் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம்.

அவர்கள் கடை இருந்த தெருவின் பேர் ஸ்டெப்னி தெரு. அந்த ஊரில் நிலபுலன் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பேரால் வந்த பேர் அது. சகோதரர்கள் தங்கள் சக்கரத்துக்கும் அதையே வைத்தார்கள். நம் ஊர்ப் பஞ்சர் கடைப் பையன் "அண்ணா, ஸ்டெப்னில காத்து இருக்கா?" என்று கேட்கும்போது, அவன் வாயில் வருவது கடல் கடந்து கிடக்கும் ஒரு தெருவின் பேர்! இங்கிலாந்தில் அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. அங்கே இன்று 'ஸ்பேர் வீல்' என்றால்தான் புரியும். ஆங்கிலேயர் காலத்து மோட்டார் வண்டியோடு இங்கே வந்த சொல் இங்கேயே தங்கிவிட்டது. வங்கதேசத்திலும் மால்டாவிலும் இன்னும் புழங்குகிறது. பிரேசில்காரர்கள் மாற்றுச் சக்கரத்தை 'எஸ்டெப்பி' என்கிறார்கள். அதுவும் இதே சொல்தான்.

ஸ்டெப்னி வளையத்தின் வாழ்வு நீளமில்லை. 1906-இல் லெ மான் ஊர் அருகே நடந்த முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தில் ரெனோ காரின் பின் சக்கரங்களில் விளிம்போடு சேர்த்துக் கழற்றும் மிஷெலின் டயர்கள் இருந்தன. மற்றவர்கள் கால்மணி நேரம் டயரோடு மல்லுக்கட்டியபோது, ஃபெரென்ஸ் சிஸ் நான்கு நிமிடத்துக்குள் மாற்றிக்கொண்டு புறப்பட்டார். பந்தயமும் அவருக்கே. அடுத்து, சக்கரம் முழுவதையுமே நட்டைத் திருகிக் கழற்றும் முறை பரவியது. டேவிஸ் சகோதரர்களின் பொருள் போய்விட்டது. அவர்கள் தெருப் பேர் மட்டும் நின்றது.

இப்போது இன்னொன்றைப் பாருங்கள். அடுத்த முறை தொப்பூர் கணவாயில் உங்கள் முன்னால் ஒரு லாரி ஊர்ந்து ஏறினால், அதன் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். ஸ்டெப்னி எங்கே தொங்குகிறது? வண்டிக்குக் கீழே, சட்டத்தோடு சேர்த்து. உமணர் சேம அச்சைக் கட்டிய அதே இடம். பாரத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடம், வேறு எதற்கும் உதவாத இடம் அதுதான் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய வண்டிக்காரனும் இன்றைய லாரிக்காரனும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2020-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. ட்யூப் இல்லாத டயர், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் சரிசெய்யும் பெட்டி மூன்றும் இருந்தால், காரில் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை. அதனால்தான் ஸ்டெப்னி இல்லாத கார்கள் வருகின்றன. எடை குறையும், பெட்டி வைக்க இடம் கிடைக்கும், மின்சாரக் காரில் மின்கலத்துக்கும் இடம் வேண்டும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியில் உள்ள பசை, தரையில் படும் பகுதியில் ஆணி போட்ட சிறு ஓட்டையைத்தான் அடைக்கும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவருக்கு அது போதும். பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் ராத்திரி குடும்பத்தோடு கிளம்பி, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கடை கண்ணி இல்லாத கிராமத்துச் சாலையில் ஊர் வந்து சேரும் உங்களுக்கு, ஸ்டெப்னி உள்ள வண்டியே நல்லது என்பது என் எண்ணம்.

ஸ்டெப்னி உள்ளவர்களுக்கும் ஒரு கேள்வி. அதில் கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தீர்கள்? பயன்படுத்தாமல் கிடந்தாலும் டயரில் காற்று மெல்லக் குறையும். மாதம் ஒருமுறை நான்கு சக்கரத்துக்கும் பார்க்கும்போது ஐந்தாவதற்கும் பாருங்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வீட்டு வாசலில், பகலில், ஒரு தரம் மாற்றிப் பழகுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

பழகாதவர்கள் பிசகும் இடம் ஒன்றே: நட்டை முதலில் தளர்த்த வேண்டும், பிறகுதான் ஜாக்கி ஏற்ற வேண்டும். சக்கரம் தரையில் ஊன்றியிருந்தால்தான் நட்டு அசைந்து கொடுக்கும். தூக்கிய பின் நெம்பினால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். சமதரை, கைப் பிரேக், மற்ற சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை. தூக்கிய வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, இறக்கிய பின் மறுபடி ஒருமுறை முறுக்குங்கள். சில கார்களில் ஸ்டெப்னி மற்றவற்றைவிடச் சின்னதாக இருக்கும். அதில் எழுதியிருக்கும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. நான்கு வழிச் சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில் நின்றுவிட்டால் வீரம் காட்ட வேண்டாம். விளக்குகளைச் சிமிட்ட விட்டு, எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு வெளியே போய் நின்று, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள். பயணம் தாமதமானால் ஆகட்டும்.

கடைசியாக, இந்தச் சொல்லைப் பற்றி ஒன்று. ஸ்டெப்னி என்பதை நம்மவர்கள் கேலிச் சொல்லாகவும் ஆக்கிவிட்டார்கள். லாரியில் இரண்டாவது ஓட்டுநரை, அணியில் வெளியே உட்கார்ந்திருக்கும் பையனை, விடுப்பில் போனவருக்குப் பதிலாக வந்த ஆசிரியரை அப்படிச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒளவையார் அதே சொல்லை ஓர் இளவரசனுக்குப் புகழ்ச்சியாகச் சொன்னார். தந்தை நெடுமான் அஞ்சி பெரிய வீரன். ஆனாலும் பாரம் கூடும்போது, வழி தெரியாதபோது, 'இவன் இருக்கிறான்' என்ற நினைப்பே ஊருக்குத் தைரியம் கொடுத்தது. மாற்று என்றால் மட்டம் என்று அந்தக் கிழவிக்குத் தோன்றவே இல்லை. சேம என்ற சொல்லின் பொருளே காவல்தான்.

நம் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அண்ணன் இறந்ததும் படிப்பை விட்டுக் கடையில் உட்கார்ந்த தம்பி. பெற்றோர் படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டு ஊருக்கு வந்த அக்கா. கல்யாணம், சாவு எதுவானாலும் முதலில் வந்து கடைசியில் போகும் சித்தப்பா. வண்டி நன்றாக ஓடும்வரை அவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆபத்து வந்தால் மட்டும் தேடுகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெப்னிக்குக் காற்றுப் பிடித்து வந்த கையோடு, அப்படி ஒருவருக்குப் போன் போட்டு "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். வேலை எதுவும் சொல்லாமல் கேளுங்கள்.